பாஸ் வயசு, சொந்த வயசு

பீடிக்கடை மேசைக்கு அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஒரு ஆண். நான் பார்த்த நாற்பது வருஷத்தில் எந்தக் கடையிலும் இது மாறியதில்லை.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் வாய்க்காலை ஒட்டிய ஒரு ஊரில் நான் கணக்கப்பிள்ளை. ஊருக்குள் எல்லோருக்கும் அண்ணாச்சி. ரேஷன் கடையிலோ வங்கியிலோ ஆஸ்பத்திரி சீட்டு கொடுக்கும் இடத்திலோ மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "விதி அப்படி, நான் என்ன செய்ய" என்று ஒரு தடவையாவது நீங்கள் சொல்லியிருப்பீர்கள். சொன்னபிறகு மத்தியானச் சாப்பாடு சரியாக இறங்கியிருக்காது. இதை எழுதுவது அப்படிப்பட்டவர்களுக்காக.

கண்ணாடி

கம்பெனி இலையும் தூளும் நூலும் கொடுக்கும். பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் இலையை நனைத்து வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, தலையை மடக்கி, நூல் கட்டித் தட்டில் அடுக்கிக் கொண்டுவருவார்கள். நான் தட்டுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பேன். தூள் குறைந்தது, மடக்கு பிரிந்தது, நூல் நழுவியது எல்லாம் ஒதுங்கும். அதற்குக் கழிவு என்று பெயர். கழிவில் போனதற்குக் கூலி கிடையாது.

மைமூன் பீவிக்கு ஐம்பத்தைந்து வயது. ஊரில் எல்லோரும் லாத்தா என்பார்கள், அக்கா என்பதுபோல. இரண்டு வருஷமாக அவளுடைய தட்டில் கழிவு கூடிக்கொண்டே வந்தது. கையில் குறையில்லை, கண்தான். இலையில் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் குறுக்கே சுற்றிவிடுவாள். ஒருநாள் பாதித் தட்டையே ஒதுக்கும்படி ஆகிவிட்டது. மூக்கிலிருந்து நழுவிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்ன மைமூன், கண்ணைக் காட்டக்கூடாதா?" என்று கேட்டேன். அவள் கழிவுக் குவியலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"கழிக்கவங்களுக்குக் கண்ணாடி இருக்கு அண்ணாச்சி, சுத்துதவளுக்குத்தான் இல்ல."

தாயும் மகளும்

எங்கள் ஊரில் பீடி சுற்றும் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று பாஸ் வயசு, இன்னொன்று சொந்த வயசு. பாஸ் என்பது கம்பெனி தரும் சின்னப் புத்தகம். பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எல்லாம் அதில் இருக்கும். அது இருந்தால்தான் இலையும் தூளும். பதினெட்டு நிரம்பாதவர்களுக்குப் பாஸ் கிடையாது. ஆனால் அந்தக் காலத்தில் ஐந்தாவது முடித்த எந்தப் பிள்ளையையும் பதினெட்டு வரை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு, கல்யாணமானவள்போலத் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு வரிசையில் வந்து நிற்பார்கள். நானும் பதினெட்டு என்று எழுதிவிடுவேன். எல்லாக் கடையிலும் அப்படித்தான் எழுதினார்கள் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம்.

பிறகு ஆதார் எடுக்க வந்தவர்கள் வயதுக்கு ஏதாவது தாள் கேட்டார்கள். இவர்களிடம் இருந்த ஒரே தாள் பாஸ்தான். நான் எழுதிய வயது ஆதாருக்குப் போயிற்று. அங்கிருந்து மற்ற எல்லா அட்டைகளிலும் ஏறிக்கொண்டது. பத்ரகாளி வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் பத்து வயதுதான் வித்தியாசம். அவள் வரிசையில் நின்றுகொண்டு அட்டையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள்.

"எங்க அம்மை என்னைப் பத்து வயசுல பெத்திருக்கா, பாத்துக்கிடுங்க. சொப்பு வச்சு விளையாடுத வயசுல என்னைய வச்சு விளையாடியிருக்கா."

ஆனி மாசம்

அன்று நானும் சிரித்தேன். ஆவுடையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவளைப் பற்றித்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவள் வந்தாள். பதிமூன்று வயது. உடுத்தியிருந்த சேலை அம்மாவுடையது. கொசுவம் நிற்காமல் இடுப்பில் ஊக்கு குத்தியிருந்தார்கள். பிறந்த தேதி கேட்டேன். "ஆனி மாசம். கார் நடவுக்கு நாத்துப் பிடுங்கிக்கிட்டு இருக்கையில வலி வந்துட்டு" என்றாள் அம்மா. எந்த வருஷத்து ஆனி என்றதற்கு, நல்ல மழை பெய்த ஆனி என்றாள். அவர்களுக்கு ஒரு பதினெட்டு வேண்டியிருந்தது. எனக்குப் புதிய கடைக்கு ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னோக்கி எண்ணி ஒரு வருஷத்தைப் போட்டேன். சொந்த வயசுக்கு மேல் ஐந்து வருஷம்.

அதுவரை அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை. பாஸைக் கையில் கொடுத்ததும் எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசித்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"எம்மா, இனி என்னைத் தெருவுல வச்சு அடிக்கப்பிடாது. இதுல பெரிய ஆளுன்னு போட்டாச்சு."

பட்டியல்

பாஸ் வயசு ஐம்பத்தெட்டு முடிந்தால் பாஸை ஒப்படைத்துவிட வேண்டும். தலைமைக் கடையிலிருந்து அப்படிப்பட்டவர்களின் பட்டியல் வரும். போன ஆடியில் வந்த பட்டியலில் ஆவுடையம்மாளின் பெயர் இருந்தது. ஒப்படைக்க மூன்று மாத அவகாசம்.

எங்கள் கடையில் அவள் கைதான் முதல் கை. அவளுடைய தட்டில் கழிவு என்று ஒன்று விழுந்தால் அன்று அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். புருஷன் கொத்தனார் வேலை பார்த்தவர்; வாதம் வந்து நாலு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். பையன் திருப்பூரில் அவன் குடும்பத்தோடு இருக்கிறான். அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, கஞ்சி கொடுத்து, அதற்கு இடையில் செய்வதற்கு உலகத்தில் பீடியைத் தவிர வேறு வேலை இல்லை. பாஸை ஒப்படைத்தால் ஒரு சின்னப் பென்ஷன் வரும். அது மாத்திரைக்கே காணாது. பட்டியலை நான் வாசித்ததும் அவள் கோபப்படவில்லை. கணக்குச் சொல்லித் தருகிறவள்போல விரலை மடக்கினாள்.

"போன மாசந்தான் எனக்கு அம்பத்து மூணு முடிஞ்சிருக்கு அண்ணாச்சி. நீங்க எழுதுன அஞ்சு வருசத்தை நான் எங்கன போய் வாழ்ந்துட்டு வந்தேன்?"

காது

மறுநாளே அவள் படித்த தொடக்கப்பள்ளிக்குப் போயிருக்கிறாள். தலைமையாசிரியை நல்ல பெண். இரண்டு நாள் அலமாரியைக் குடைந்து, செல்லரித்த சேர்க்கைப் பதிவேட்டைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பு. தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது என்று எழுதிக்கொள்வார்கள். எத்தனையோ பேருக்கு அது தப்பாகத்தான் இருக்கும். ஆவுடைக்குச் சரியாகவே இருந்தது. பள்ளி கொடுத்த தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என் மேசைமேல் வைத்தாள். வரிசையில் நின்ற எல்லோரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"வாசிச்சுப் பாருங்க அண்ணாச்சி. நான் காதைத் தொட்டது கவர்மெண்ட்டு நோட்டுல இருக்கு."

வெள்ளைத்தாள்

அந்த உறையை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். தலைமைக் கடை மேனேஜருக்கு நாற்பது வயதிருக்கும். கெட்டவர் இல்லை. தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு, பாஸில் தேதியை மாற்றவேண்டுமானால் அதை முதலில் எழுதியவர் கைப்பட ஒரு கடிதம் தரவேண்டும் என்றார். எழுதியவன் நான்தான், தருகிறேன் என்றேன். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தி, பேனாவை அதன்மேல் வைத்தார்.

"என்னன்னு எழுதுவீரு? பதிமூணு வயசுப் பிள்ளைன்னு தெரிஞ்சே பதினெட்டுன்னு போட்டேன்னா? பிள்ளையள வேலைக்கு வச்சோம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்லா. இன்னைக்கு ஒருத்தி வருவா. நாளைக்கு உம்ம கடை வரிசையே எந்திரிச்சு வரும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. டீ வந்தது. குடித்தேன். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன், திரும்பப் போட்டேன். ஆவுடையின் பெயரைக்கூட எழுதவில்லை. என் வீட்டில் என்ன நிலைமை, எனக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும் என்றெல்லாம் அப்போது யோசித்தேன் என்று இங்கே எழுதலாம். யோசிக்கவில்லை. மேனேஜர் அடுத்துச் சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். குரலை உயர்த்தாமல், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"உமக்கும் அறுபத்திரண்டு ஆச்சு. நாங்க என்னைக்காவது உம்ம வயசைக் கேட்டோமா வே?"

பதில்

அந்த வெள்ளைத்தாளை எழுதாமலேயே மேசைமேல் விட்டுவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் சேரன்மகாதேவி வரும்வரை ஆவுடையிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றுப் பாலம் தாண்டும்போது நல்ல வாசகம் ஒன்று கிடைத்தது. மேலே ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான். அதில் நான் எங்கும் இல்லை.

கடை வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உறையை வாங்கிக்கொண்டாள். "நீங்க ஒண்ணும் எழுதிக் குடுக்க வேண்டியது இல்லையா அண்ணாச்சி?" என்றாள். இப்படிக் கேட்பாள் என்று நான் ஒத்திகையில் நினைக்கவில்லை. எழுதிக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறமும் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"எனக்காக உங்க தப்பை நீங்களே எழுதிக் குடுத்தீங்க பாத்தீங்களா. பெத்த பிள்ளை செய்யாதது அண்ணாச்சி."

மூலை

ஒப்படைத்த பாஸை யாரும் திரும்பப் பயன்படுத்தக்கூடாது என்பதற்காக அதன் மூலையைக் கத்தரித்துவிட வேண்டும். அதுவும் என் வேலை. கடைசி நாள் அவள் கொண்டுவந்த தட்டில் ஒன்றுகூடக் கழியவில்லை. பாஸ் ஒரு பழைய துணிப்பைக்குள் இருந்தது. முதல் பக்கத்தில் பதிமூன்று வயதில் எடுத்த புகைப்படம்: பெரிய சேலை, தலைநிறையப் பூ, பயந்த கண். எனக்கு அதைப் பார்க்க வேண்டாம் என்று இருந்தது. இலை வெட்டும் கத்தரியை எடுத்தேன்.

"பைய வெட்டுங்க அண்ணாச்சி. அந்தப் பிள்ளை மேல பட்டுராம."

ஊசி

அதன்பிறகு அவள் கடைக்கு வரவேண்டிய காரியம் இல்லை. ஆனாலும் வழியில் பார்த்தால் நின்று பேசுவாள். நெடுஞ்சாலையில் ஒரு தையல் கம்பெனி வந்திருக்கிறது. காலையில் அதன் வண்டி ஊருக்குள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். பக்கத்து வீட்டுக்காரியிடம் புருஷனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒருநாள் ஆவுடையும் போனாள். ஐம்பத்தைந்து வயதுக்குள்தான் எடுப்பார்கள் என்று தெரிந்து நாலைந்து பேர் தலைக்குச் சாயம் பூசி வந்திருந்தார்களாம். வண்டிக்குள் சாயமும் வேர்வையும் கலந்து ஒரே நாற்றம் என்றாள். இவள் பூசவில்லை. இவளுக்கு நரை குறைவு.

கம்பெனியில் ஒரு இளம் பெண் மேற்பார்வையாளர் ஆளுக்கொரு ஊசியும் நூலும் கொடுத்துக் கோக்கச் சொன்னாளாம். மற்றவர்கள் நூலை எச்சில் படுத்திக்கொண்டிருக்கும்போதே ஆவுடை கோத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ரொம்பப் பிடித்துப்போய், முதலில் இவளைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறாள். அப்புறம் ஆதாரை வாங்கிப் பார்த்தாள். சாயம் பூசியவர்களில், அட்டையில் வயது குறைவாக இருந்த இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது. இதைச் சொல்லும்போது ஆவுடை வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை. எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அந்தப் பிள்ளை ரெண்டு தடவை அட்டையையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தா அண்ணாச்சி. கடைசில அட்டையத்தான் நம்புனா."

பாளையங்கோட்டை

அடுத்தது பாளையங்கோட்டையில் ஒரு வீடு. தனியாக இருக்கும் ஒரு அம்மாளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. காலையில் புருஷனுக்கு வேண்டியதைச் செய்துவிட்டுப் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். போன முதல் நாளே ஆவுடை அந்த அம்மாளைக் குளிப்பாட்டி, தலைவாரி, வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டாள். அந்த அம்மாள் இவள் கையை விடவில்லையாம். இரண்டாம் நாள், வளைகுடாவில் இருக்கும் மகன் போனில் ஆதார் படம் அனுப்பச் சொன்னான். மூன்றாம் நாள் வரவேண்டாம் என்று தகவல் வந்தது.

அவன் கேட்டதை ஆவுடை அவன் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"எங்க அம்மாவுக்கே அறுபத்தொண்ணுதான். அங்கன நீங்க விழுந்துட்டா உங்களை யாரு தூக்குவா?"

மைமூனின் தட்டு

மார்கழியில் ஒரு விஷயம் கவனித்தேன். மைமூனின் தட்டில் கழிவு நின்றுவிட்டது. கண்ணைக் காட்டினாயா என்று கேட்டேன். இன்ஷா அல்லாஹ், காட்ட வேண்டும் என்றாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பீடியின் மடக்கைப் பார்த்தால் சுற்றியது யார் என்று சொல்லிவிடலாம்; கையெழுத்து மாதிரி. ஆவுடை கடைசி மடிப்பைக் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை கூடுதலாக அழுத்துவாள். அங்கே சின்னதாக ஒரு கோடு விழும். மைமூன் கொண்டுவந்த தட்டு முழுக்க அந்தக் கோடு இருந்தது.

ஒருத்திக்குப் பாஸ் இருக்கிறது, கண் இல்லை. இன்னொருத்திக்குக் கண்ணும் கையும் இருக்கிறது, பாஸ் இல்லை. ஆவுடை சுற்றுகிறாள், மைமூன் நூல் கட்டுகிறாள், கூலி ஆளுக்குப் பாதி. முதல் கையாக இருந்தவளுக்கு இப்போது அரை ஆள் கூலி. அடுத்தவர் பாஸில் சுற்றுவதைக் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. கண்டால் தட்டோடு திருப்பியனுப்ப வேண்டும். நான் காணவில்லை. கையைக்கூட விட்டுப் பார்க்காமல் தட்டை அப்படியே வாங்கிக்கொட்டிவிடுவேன். மைமூனும் காலித் தட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். இது ஒரு மாதம் நடந்தது. ஏதோ செய்கிறோம் என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்திருந்தது.

தை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை மைமூனுக்கு முடியவில்லை. தட்டை ஆவுடையே தூக்கிக்கொண்டு வந்தாள். லாத்தா கொடுத்துவிட்டாள் என்றாள். நான் தலையை நிமிர்த்தாமல் தட்டை வாங்கிக் கொட்டப் போனேன். அவள் தட்டின் ஓரத்தை விடவில்லை. பின்னால் வரிசை நின்றது. பென்ஷன் தாளில் கையெழுத்துப் போடப் போன வாரம் திருநெல்வேலித் தலைமைக் கடைக்குப் போயிருந்ததாகச் சொன்னாள். அங்கே என் கடிதத்தைப் பற்றி விசாரித்தாளாம். அவள் தட்டை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

"எழுதாத கடுதாசிக்கு ஈடா இதைக் கழிக்காம வாங்குதீங்களோ? நான் பிச்சைக்கு வரல, வேலைக்கு வந்திருக்கேன். கையைப் போட்டுக் கழிங்க அண்ணாச்சி."

ஒரு பிடி எடுத்துப் பார்த்து, உண்மையிலேயே தூள் குறைந்திருந்த நாலைக் கழித்தேன். இந்த நாற்பது வருஷத்தில் ஆவுடையம்மாள் விஷயமாக நான் சரியாக எண்ணியது அந்த நாலு மட்டும்தான்.